ஏரியோரத் தோப்பில் மண் சரிவு: சுவர் கட்டலாமா?

வணக்கம். கார்த்திகையில் ஏரி நிறைந்ததும் வாடைக்காற்று அலையில் தோப்பின் வடக்கு ஓரம் சரிகிறது, சிமெண்ட் சுவர் எழுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், வேண்டாம். செங்குத்துச் சுவரில் மோதித் திரும்பும் அலை அடிமண்ணை அரிக்கும். அப்புறம், நீர்மட்டம் மளமளவென்று இறங்கும்போது பின்னால் ஊறி நிற்கும் மண் சுவரை ஏரிப்பக்கம் தள்ளும். பல சுவர்கள் சாய்வது அப்போதுதான்.

கோடையில் விளிம்பைச் சரிவாக வெட்டுங்கள். ஓரடி உயரத்துக்கு இரண்டடியாவது நீளம் வேண்டும். முதலில் சரளை, அதன்மேல் உடைகல். சரளை இல்லையென்றால் இடுக்கு வழியே மண் வெளியேறி, கற்கள் ஒவ்வொன்றாக உள்வாங்கிவிடும். (செலவைக் குறைக்கிறேன் என்று மேஸ்திரி கைவைப்பது இதில்தான், பக்கத்திலேயே நில்லுங்கள்.) அடிவரிசைப் பெருங்கற்களைத் தரைக்குள் புதைக்க வேண்டும். கல்லுக்கு மேலே வெட்டிவேரை ஏரிக்கு இணையாக நெருக்கி நடுங்கள். மழைக்கு முன் வேர் பிடித்துவிட்டால் சில நாள் மூழ்கினாலும் தாங்கும்.

எல்லாவற்றுக்கும் முன்பு சர்வேயரை வைத்து எல்லையை அளந்துவிடுங்கள். சரியும் இடம் ஏரிப் புறம்போக்காக இருந்தால் அனுமதி வாங்காமல் ஒரு கல்கூடப் போடக் கூடாது. ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம்.