கல்யாண நாளுக்கு பாரிஸ் பிஸ்த்ரோ போகலாமா, மாட்டுக்கறி சாப்பிடாதவங்க என்ன பண்றது?

தம்பி, நீங்க கேட்டது இதுதானே: வேலைக்கு பாரிஸ் வந்து கொஞ்ச மாசம் ஆச்சு, வீட்டம்மா இப்பதான் விசா கிடைச்சு வந்து சேந்தாங்க, ஆகஸ்ட் கடைசில முதல் கல்யாண நாள், சினிமால வர்ற மாதிரி ஒரு பழைய பிரெஞ்சு பிஸ்த்ரோல (பிரெஞ்சு வீட்டுச் சாப்பாடு போடுற சின்ன ரெஸ்டாரண்ட்) உக்காந்து சாப்பிடணும், ஆனா அவங்க மாடும் பன்னியும் தொட மாட்டாங்க, சிக்கன் மீன் ஓகே, பில்லு எவ்ளோ ஆகும், போய் அசிங்கப்படுவோமான்னு பயமா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. நான் பாண்டிச்சேரிக்காரன், இங்கயே செட்டிலாகி ரொம்ப வருஷம் ஆச்சு, எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

முதல்ல ஈஃபில் டவர் தெரியுற எடம், சேன் ஆத்துல போட் டின்னர், நோத்ரு தாம் பக்கத்துல ரூ து லா யுஷெத் தெருவுல வாசல்ல நின்னு கைய புடிச்சு இழுக்குறானே அந்தக் கடைங்க, இதெல்லாம் மறந்துடுங்க. மெனு ஆறு பாஷைல, சாப்பாட்டு போட்டோவோட வெளிய தொங்குதுன்னா அது டூரிஸ்டுக்கான கடை, அவ்ளோதான். நல்ல பிஸ்த்ரோல அன்னிக்கு என்ன இருக்குன்னு ஒரு கரும்பலகைல சாக்பீஸால எழுதிருப்பாங்க, அதையே தூக்கிட்டு வந்து உங்க டேபிள் பக்கத்து நாற்காலில வெச்சுட்டுப் போவாங்க, அந்தக் கையெழுத்து பிரெஞ்சுக்காரனுக்கே புரியாது, அதனால வெக்கப்படாம கேளுங்க. ஒரு பானைக்கு மேல வீட்டுக் கூரை போட்ட மாதிரி ஒரு சின்ன படம் இருந்தா அது 'ஃபே மேசோன்', அங்கயே சமைச்சதுன்னு அர்த்தம், 2014ல கொண்டாந்த சட்டம்.

நேரம்தான் நம்மாளுங்க எல்லாரும் கோட்டை விடுற எடம். சாயங்காலம் ஆறு மணிக்குப் போனா கிச்சன் மூடியிருக்கும், ஏழு ஏழரைக்குதான் தொறப்பாங்க. கொஞ்சம் பேர் வாங்குன கடைங்கள்ல ரெண்டு சர்வீஸ், அதாவது ரெண்டு பந்தி மாதிரி வெச்சிருப்பாங்க, ஏழரைக்கு ஒண்ணு, ஒம்பது ஒம்பதரைக்கு இன்னொண்ணு. முதல் சர்வீஸ் எடுத்தீங்கன்னா ஒம்பதேகாலுக்கு வெயிட்டர் முகத்தப் பாத்தே எந்திரிக்க வேண்டியிருக்கும், கல்யாண நாளுக்கு அது வேண்டாம், ரெண்டாவதுல புக் பண்ணுங்க, அப்புறம் அந்த டேபிள் ராத்திரி முழுக்க உங்களோடது, யாரும் கிளப்ப மாட்டாங்க. பசி தாங்காதுன்னா வீட்ல ரெண்டு இட்லி சாப்ட்டுட்டுப் போங்க, தப்பே இல்ல.

உள்ள நுழைஞ்சதும் நேரா போய் காலி டேபிள்ல உக்காராதீங்க. 'போன்சுவார்' சொல்லுங்க, வெயிட் பண்ணுங்க, வெயிட்டர் வந்து கூட்டிட்டுப் போவாரு. டேபிளுங்க ஒட்டி ஒட்டி இருக்கும், செவத்தோரமா செவப்பு கலர்ல நீள சோஃபா ஒண்ணு ஓடும், வெயிட்டர் டேபிள அப்படியே வெளிய இழுப்பாரு, உங்க வீட்டம்மா உள்ள போய் அந்த சோஃபால உக்காரணும், திரும்ப டேபிள தள்ளி விடுவாரு, நீங்க எதிர்ல நாற்காலில. நல்ல சீட்ட அவங்களுக்கு விடுறதுதான் இங்க பழக்கம், நீங்க முந்திக்கிட்டு உள்ள பூந்துடாதீங்க. பக்கத்து டேபிள்காரர் முழங்கை உங்க முழங்கைல இடிக்கும், பிரைவசி கிடையாது, ஆனா உங்க தமிழ் அவங்களுக்குப் புரியாது, அது போதும்ல.

இப்ப சாப்பாடு. 'பேஃப்' மாடு, அது உங்களுக்கே தெரியும், ஆனா 'வோ' கன்னுக்குட்டி, அங்கதான் மாட்டிப்பாங்க, ப்ளாங்கெத் து வோன்னு வெள்ளை சாஸ்ல வர்றத சிக்கன்னு நெனச்சு சாப்ட்டவங்க எத்தனையோ பேர். வெங்காய சூப் பாக்க சைவம் மாதிரி இருக்கும், மேல ரொட்டி, சீஸ் உருகி, ஆனா அடில பெரும்பாலும் மாட்டெலும்பு ஸ்டாக்தான். சாலட்ல 'லார்தோன்'னு குட்டி குட்டியா பன்னி துண்டு போடுவாங்க. கோக் ஓ வான் கோழிதான், ஒயின்ல வேகும், அதுலயும் லார்தோன் வரும். ஆந்துயெத்னு ஒண்ணு இருக்கும், பன்னிக் குடல்ல பண்ற சாசேஜ், அந்த வாசனைக்கு பக்கத்து டேபிள்ல ஆர்டர் பண்ணாலே உங்களுக்குத் தெரிஞ்சுடும்.

அப்ப என்ன தான் சாப்பிடுறது? ஆரம்பத்துக்கு எஃப் மயோனேஸ், அவிச்ச முட்டை மேல மயோனேஸ், சாதாரணமாதான் தெரியும், நல்ல கடைல அது வேற லெவல். இல்லன்னா புவாரோ வினேக்ரெத், வெங்காயத்தாள் மாதிரி ஒரு காய வேக வெச்சு புளிப்பு சாஸ் ஊத்துனது, இல்ல சூடான ஆட்டுச் சீஸ் சாலட். மெயினுக்கு வாத்து சாப்பிடுவாங்கன்னா கோன்ஃபி து கனார், வாத்துக் காலை அதோட கொழுப்புலயே மெதுவா வேக வெச்சு அப்புறம் தோல் மொறுமொறுன்னு வர்ற மாதிரி பண்ணுவாங்க, எலும்புலருந்து கறி தானா கழண்டு வரும், என்னக் கேட்டா பிஸ்த்ரோவுக்குப் போறதே இதுக்குத்தான். மீன்னா சோல் மூனியேர், வெண்ணெய், எலுமிச்சை அவ்ளோதான், வெல கொஞ்சம் ஜாஸ்தி. ப்ராந்தாத் கிடைச்சா எடுங்க, உப்புக் காட் மீனும் உருளைக்கிழங்கும் மசிச்சது, நம்ம சுறாப்புட்டுக்கு தூரத்து சொந்தம் மாதிரி இருக்கும், காரம் மட்டும் இருக்காது. கடைசில ஈல் ஃப்ளோத்தாந்த், அடிச்ச முட்டை வெள்ளை பஞ்சு மாதிரி கஸ்டர்ட்ல மிதக்கும், ஒண்ணு வாங்கி ரெண்டு ஸ்பூன் கேளுங்க.

தண்ணிக்கு 'யூன் கராஃப் தோ'ன்னு கேளுங்க, ஜக்ல குழாத்தண்ணி ஃப்ரீயா வரும், 2022 ஜனவரிலருந்து அது ஃப்ரீன்னு கடைக்காரனே எழுதி வெக்கணும்னு சட்டம். வெறும் 'தண்ணி'ன்னு கேட்டா பாட்டில் வந்துடும், அதுக்கு காசு. ரொட்டியும் ஃப்ரீ, திரும்பக் கேக்கலாம், தட்டுல இல்லாம டேபிள் மேலயே வெச்சு பிச்சு சாப்பிடுவாங்க. (ரொட்டின்னதும் ஞாபகம் வருது, 2023ல பாரிஸ் பாகெட் (நீள பிரெஞ்சு ரொட்டி) போட்டில முதல் பரிசு வாங்குனவரு இலங்கைத் தமிழர், தர்ஷன் செல்வராஜா, 20வது வட்டாரத்துல பேக்கரி, பரிசோட ஒரு வருஷம் ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி சப்ளை. அது மட்டுமில்ல, பாரிஸ் ரெஸ்டாரண்ட் கிச்சன்கள்ல நம்ம ஈழத்து ஆளுங்க நெறைய பேர் உண்டு, நீங்க சாப்பிடுற பிரெஞ்சு சாஸ கிண்டுனது ஒரு யாழ்ப்பாணத்து அண்ணனா இருக்கலாம்.) ஒயின் குடிக்கலன்னாலும் யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க.

பில்லு தானா வராது. நீங்களா 'லாடிசியோன் சில் வூ ப்ளே' சொல்ற வரைக்கும் கொண்டு வர மாட்டாங்க, நம்மள மறந்துட்டாங்கன்னு கோவப்படாதீங்க, கேக்காம கொண்டு வந்தா போடான்னு சொல்ற மாதிரி ஆயிடும்னு நெனைப்பாங்க. விரல சொடுக்கி கூப்புடுறது, 'கார்சோன்'னு, அதாவது 'டேய் பையா'ன்னு கத்துறது வேண்டவே வேண்டாம். சர்வீஸ் வெலையிலயே சேந்திருக்கும், டிப்ஸ் கட்டாயமில்ல, திருப்தியா இருந்தா ஒரு அஞ்சு யூரோ வெச்சுட்டு வாங்க. ஒயின் இல்லாம ரெண்டு பேருக்கு சுமாரா 80லருந்து 100 யூரோ ரெடியா வெச்சுக்கோங்க. அவ்ளோ வேண்டாம்னா புய்யோன் போங்க, கொறஞ்ச வெலைல பிரெஞ்சு சாப்பாடு போடுற பழைய பாணி பெரிய சாப்பாட்டுக் கடை, கார் து லெஸ்த் ரயில் ஸ்டேஷன் பக்கம் ஃபோபூர் சான் தெனி தெருவுல புய்யோன் ஜூலியன் இருக்கு, 1900கள் காலத்து கண்ணாடி வேலைப்பாடு, கலர் கலரா செவுரு, பாக்கவே அழகு, வெல பாதிதான். ஷார்த்தியேன்னு இன்னொரு புய்யோனும் பேர்போனது, 1896லருந்து இருக்கு, பில்ல டேபிள் மேல விரிச்ச பேப்பர்லயே எழுதுவாங்க, ஆனா வரிசை, சத்தம், அவசரம், கல்யாண நாளுக்கு வேண்டாம், இன்னொரு நாள் போங்க.

உங்க சிக்கல் ஆகஸ்ட். நல்ல பிஸ்த்ரோக்கள்ல பாதி அந்த மாசம் மூணு வாரம் ஷட்டர் போட்டுட்டு லீவுல போயிடும், ஞாயிறு திங்களும் நெறைய கடை லீவு. அதனால இப்பவே உங்க வட்டாரத்துல மூணு நாலு கடை பாத்து வெச்சு, ஃபோன் பண்ணி அந்தத் தேதி தொறந்திருக்கான்னு கேளுங்க, அந்த நாள் கிடைக்கலன்னா செப்டம்பர் முதல் வாரத்துக்கு தள்ளிக்கோங்க, வீட்டம்மா கோச்சுக்க மாட்டாங்க. ஃபோன்லயே 'எல் ந மான்ஜ் நி பேஃப், நி வோ, நி போர்'னு சொல்லிடுங்க, மாடு, கன்னு, பன்னி மூணும் அதுல அடங்கிடும். புக் பண்ணிட்டுப் போகாம மட்டும் இருந்துடாதீங்க, இப்ப நெறைய எடத்துல கார்டு நம்பர் வாங்கி வெச்சுக்குறாங்க, வரலன்னா காசு எடுத்துடுவாங்க.