விடியற்காலையில் வாய் பிளக்கும் மீனுக்கு மருந்து வேண்டாம்

செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார். 30 சென்ட் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் சேர்த்து 4,000 விரலளவு குஞ்சு விட்டு ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் இரண்டு நாள் வானம் மூட்டமாக இருந்து, மறுநாள் விடியும்போது அறுபது மீன் மிதந்தது, எல்லாம் பெரிய மீன். குஞ்சு கொடுத்த ஏஜென்ட் கிருமி என்று சொல்லி 3,500 ரூபாய்க்கு மருந்து எழுதியிருக்கிறார், வாங்கலாமா?

வாங்காதீர்கள். நோய் என்றால் நாலைந்து நாள் ஒன்றிரண்டாகச் சாகும். ஒரே விடியலில், அதுவும் பெரியது முதலில் செத்தால் அது மூச்சுத் திணறல். தண்ணீரில் இருக்கும் பச்சைப் பாசி பகலில் ஆக்ஸிஜன் விடும், இரவில் அதுவே மீனோடு போட்டி போட்டு இழுக்கும், அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் ஆக்ஸிஜன் அடிமட்டத்துக்குப் போகிறது. மூட்டமான நாளில் பகலில் பாசி விடும் ஆக்ஸிஜனும் குறைவு.

முழங்கை வரை கையை நீரில் விடுங்கள். மணிக்கட்டு முங்கும்போதே உள்ளங்கை மறைந்தால் பாசி மிதமிஞ்சிவிட்டது. தீவனமும் சாணியும் உடனே நிறுத்துங்கள். இரவு இரண்டு மணிக்கு மோட்டாரைப் போட்டு, குட்டைத் தண்ணீரையே எடுத்து உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடுங்கள், சூரியன் ஏறும் வரை. போர் தண்ணீர் விட்டாலும் அப்படித்தான் விட வேண்டும், பூமிக்கடியிலிருந்து வருவதில் ஆக்ஸிஜன் இருக்காது.

அடுத்தது எண்ணிக்கை. ஹெக்டேருக்கு 10,000 குஞ்சு என்பதுதான் வழக்கமான கணக்கு, சென்டுக்கு 40, உங்களுக்கு 1,200. ஏஜென்ட் மூன்று மடங்குக்கு மேல் தள்ளிவிட்டிருக்கிறார். விற்கிற அளவுக்கு வந்ததை இப்போதே பிடித்து விற்றுவிடுங்கள்.

இதே ஆள் அடுத்து என்ன சொல்வார் தெரியுமா? "இந்தத் தொல்லையே வேண்டாம், ஹைபிரிட் தேளி விடுங்க, சாகவே சாகாது." அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. 2000-லேயே மத்திய அரசு தடை செய்தது. வெள்ளத்தில் ஒன்று தப்பி ஏரிக்குப் போனால் நம்ம ஊர் அயிரை, குரவை, நாட்டுத் தேளி எதையும் விட்டுவைக்காது. அதிகாரிகள் வந்தால் மொத்தத்தையும் அழிப்பார்கள், நஷ்டம் உங்களுக்கு, ஏஜென்ட் போன் எடுக்க மாட்டார்.

மீன் மேலே வந்து வாய் திறந்தால் மூச்சுத் திணறல் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு, விரால். அது காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன். பகலோ இரவோ மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துவிட்டு உள்ளே போகும், அது அதன் இயல்பு. உள்ளே போகாமல் மேலேயே கிடந்து, தொட்டாலும் நகராமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். குட்டையில் ஏற்கெனவே நாட்டு விரால் புகுந்திருந்தால், அது வாய் திறப்பதைப் பார்த்து மோட்டாரைப் போடாதீர்கள், கட்லா என்ன செய்கிறது என்று பாருங்கள்.

தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆய்வகம் திறப்பது பத்து மணிக்கு. வெயில் ஏறி ஆக்ஸிஜன் திரும்பிய தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துக் கொடுத்தால் நல்ல தண்ணீர் என்றுதான் சீட்டு வரும். குட்டை வெட்ட மானியம் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு ஆளைக் கருவியோடு கரைக்கு அனுப்பத் தெரியவில்லை, எத்தனை வருஷமாகச் சொல்கிறோம். நீங்களே நாளை ஐந்து மணிக்கு டார்ச்சோடு போய்ப் பாருங்கள். கட்லா கூட்டமாக மேலே நின்று வாயை மட்டும் நீட்டினால் மோட்டாரை நிறுத்தாதீர்கள்.