"ஏதோ இடிக்குதும்மா" என்று மேனேஜர் சொன்னால்?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். இன்டர்வியூ முடிந்ததும் எங்கள் மேனேஜர், "ஏதோ இடிக்குதும்மா, ஆள் செட் ஆக மாட்டார்" என்பார். அனுபவசாலி, அவர் கணிப்பு பல தடவை பலித்திருக்கிறது. இது அனுபவம் பேசுவதா, வெறும் பிடிக்காமையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பல தடவை பலித்தது என்கிறீர்கள். அவர் வேண்டாம் என்றவர்கள் வேறு எங்கோ வேலைக்குப் போயிருப்பார்கள். அங்கே அவர்கள் சக்கைப்போடு போட்டாலும் உங்கள் மேனேஜர் காதுக்கு வராது. அந்தத் தவறுகள் கணக்கிலேயே ஏறாது.

அதற்காக உள்ளுணர்வைத் தூக்கிப் போட வேண்டாம். அவர் பேச்சைக் கவனியுங்கள். "போன கம்பெனியை ஏன் விட்டீங்கன்னு கேட்டப்போ மழுப்பினார்" என்றால் சரி, போய் விசாரிக்க ஓர் இடம் கிடைத்தது. "இந்த மாதிரி ஆளுங்க நிலைக்க மாட்டாங்க" என்றால், எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பற்றி அதில் எதுவுமே இல்லை. எந்த மாதிரி? ஊரா, காலேஜா, கல்யாணமான பெண் என்பதா? (சாதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்பதோடு சரி.)

காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தாலும் உஷாராகுங்கள். "கம்யூனிகேஷன் பத்தாது, அப்புறம் வீடு வேற தூரம்..." முடிவு முன்னாலேயே எடுத்தாகிவிட்டது. பிடித்துப்போன ஆளுக்கு இதே குறை இருந்தபோது "போகப் போகக் கத்துக்குவார்" என்றிருப்பார். பழைய குறிப்புகளைப் புரட்டிப் பாருங்கள்.

1950களில் இஸ்ரேல் ராணுவத்தின் நேர்காணல் முறையை மாற்றியமைத்தவர் உளவியலாளர் டேனியல் கானமன். ஆறு குணங்களுக்குத் தனித்தனியாகக் கேள்வி, தனித்தனி மார்க். நேர்காணல் செய்தவர்கள், "எங்களை இயந்திரமாக்குகிறீர்கள்" என்று கொதித்தார்கள். சரி, ஆறும் முடிந்தபின் கண்ணை மூடி, இவர் சிப்பாயாக எப்படி இருப்பார் என்று தோன்றுவதற்கும் ஒரு மார்க் போடுங்கள் என்றார். அந்த மார்க்கும் ஆறின் கூட்டலுக்கு இணையாகப் பலித்தது. மனசுக்குப் பட்டதை அவர் கடைசியில்தான் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஆபீஸில் அதுதான் முதலில் வருகிறது.

மேனேஜரிடம் "ஏன் சார்?" என்று கேட்காதீர்கள்; கேட்டால் உடனே ஒரு காரணம் தயாராகிவிடும். "எந்தப் பதில்ல சார் அப்படித் தோணுச்சு?" என்று கேளுங்கள். இடத்தைச் சொன்னால் அப்படியே எழுதிக்கொண்டு விசாரியுங்கள். சொல்ல முடியாவிட்டால், "மேனேஜருக்குத் திருப்தியில்லை, காரணம் குறிப்பிடவில்லை" என்றே எழுதிவிட்டு, வேறொருவரை வைத்து இரண்டாவது ரவுண்டுக்குக் கூப்பிடுங்கள். முதல் ரவுண்டில் நடந்ததைப் பற்றி, இரண்டாவது ரவுண்டு எடுப்பவரிடம் மூச்சு விட வேண்டாம்.