ஃபார்மட் போட்ட பிறகும் வைரஸ் ஏன் திரும்ப வருகிறது?

திருச்சியில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் வீட்டு லேப்டாப் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. விண்டோஸ் 10. கல்லூரியில் படிக்கும் மகன் ப்ராஜெக்ட் செய்வதும் அதில்தான், என் கணவர் ஸ்டேஷனரி கடைக் கணக்கு போடுவதும் அதில்தான். எட்டு மாதத்தில் மூன்று முறை வைரஸ் வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் சர்வீஸ்காரர் ஃபார்மட் போட்டு 600 ரூபாய் வாங்கிக்கொள்கிறார். இரண்டு வாரம் நன்றாக ஓடும். அப்புறம் மறுபடியும் விளம்பரம் குதிக்கிறது, பிரவுசர் தானாக எங்கோ போகிறது, மெஷின் நகரவே மாட்டேன் என்கிறது. எந்த ஆன்டிவைரஸ் வாங்கினால் இது தீரும்?"

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். மூன்று முறை துடைத்த மெஷினில் நான்காவது முறையும் அதே தொல்லை என்றால், ஒவ்வொரு முறையும் புது வைரஸ் தேடி வந்து தாக்குகிறது என்று நான் நினைக்கவில்லை. பழையதே திரும்பி வருகிறது. எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் ஆன்டிவைரஸ் போட்டால், ஒழுகும் கூரையைச் சரிசெய்யாமல் கீழே பாத்திரம் வைத்த கதைதான்.

ஒரு கேள்வி. ஃபார்மட் போடும்போது உங்கள் டி டிரைவ் அப்படியே இருந்ததா? பெரும்பாலும் இருந்திருக்கும். நம் ஊரில் ஃபார்மட் என்றால் சி டிரைவை மட்டும் அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றுவது. "டேட்டா போகாது சார், டி டிரைவைத் தொட மாட்டேன்" என்று நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள். ஆனால் அந்த டி டிரைவில் 'சாஃப்ட்வேர்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஃபோட்டோஷாப் கிராக், பழைய கேம், எங்கிருந்தோ இறக்கிய வீடியோ கன்வெர்ட்டர் எல்லாம் அதற்குள் தூங்கும். ஃபார்மட் முடிந்த மறுநாள் மகன் வந்து ஒவ்வொன்றாக இன்ஸ்டால் செய்வார். இரண்டு வாரக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது விண்டோஸே. செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி இருந்தால் உஷாராகுங்கள். அது நூற்றுக்கணக்கில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அலுவலகங்களுக்கான ஏற்பாடு, பெயர் கேஎம்எஸ். வீட்டு லேப்டாப்பில் அதற்கு வேலையே இல்லை. திருட்டு ஆக்டிவேட்டர் ஒன்று, மெஷினுக்குள்ளேயே போலியாக ஒரு கேஎம்எஸ் சர்வரை உருவாக்கி விண்டோஸை ஏமாற்றியிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆக்டிவேஷனின் ஆயுள் 180 நாள்தான். அதனால் ஆக்டிவேட்டர், தன்னை அவ்வப்போது எழுப்பிவிடும் ஒரு வேலையை விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் எழுதி வைக்கும். அதை ஓட்டுவதற்கு முன்னால் 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்' என்பார்கள். பல நேரம் 'இந்த ஃபோல்டரை ஸ்கேன் செய்யாதே' என்று விதிவிலக்கும் சேர்க்கப்படும். காவலாளியைத் தூங்க வைத்து, முழு அதிகாரத்துடன், அவ்வப்போது தானாக ஓடும் ஒரு புரோகிராம். அதை எழுதியவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. அதில் கூடவே ஒரு திருடனை ஏற்றி அனுப்புவது அவருக்குப் பெரிய காரியமா?

விதிவிலக்குகளை இப்போதே பார்த்துவிடலாம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புக்கான செட்டிங்ஸில் கடைசிவரை கீழே போனால் 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்று இருக்கும். நீங்கள் சேர்க்காத ஏதாவது அங்கே இருந்தால், விருந்தாளி வந்த வழி தெரிந்துவிட்டது.

மூன்றாவது வழி பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஃபார்மட் முடிந்ததும் குரோமில் உங்கள் கூகுள் கணக்கை நுழைத்திருப்பீர்கள். புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் திரும்ப வந்ததும் ஒரு நிம்மதி. பழைய எக்ஸ்டென்ஷன்களும் (பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் குட்டி புரோகிராம்கள்) அதே சிங்க் வழியாக, அதாவது கணக்கில் இருப்பதைப் பிரவுசருக்குக் கொண்டுவரும் வசதி வழியாக, திரும்பி வந்துவிடும். 'பிடிஎஃப் மாற்றி', 'கூப்பன் தேடி' என்ற பெயரில் இருந்த விளம்பரப் பேய் அதில் ஒன்றாக இருந்தால், டிஸ்க்கையே மாற்றினாலும் அது உங்கள் கணக்கோடு வந்து சேரும். தெரியாத எக்ஸ்டென்ஷன்கள் அத்தனையையும் சிங்க் இயங்கும்போதே நீக்குங்கள்.

பிரவுசரில் இருக்கும்போதே நோட்டிஃபிகேஷன் அனுமதியையும் பாருங்கள். "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்" என்று மூலையில் எட்டிப்பார்க்கும் சிவப்புப் பெட்டி பல நேரம் வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்துங்கள்" என்றதற்கு அழுத்தியதன் பலன். அந்தத் தளங்களை நீக்கினால் பாதி விளம்பரம் அன்றே நின்றுவிடும்.

சரி, இனி செய்ய வேண்டியது. இன்னும் ஒரே ஒரு முறை ஃபார்மட், ஆனால் முழுமையாக. முதலில் படங்கள், மகனின் ப்ராஜெக்ட், கடைக் கணக்கு ஆகியவற்றை மட்டும் ஒரு போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்கில் எடுங்கள். செட்டப் ஃபைல் ஒன்றுகூட வேண்டாம். மகன் கெஞ்சுவார், விட்டுக்கொடுக்காதீர்கள். பிறகு வைரஸ் இல்லாத வேறொரு கம்ப்யூட்டரில், மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸைத் தயார் செய்யுங்கள். அதை வைத்து இன்ஸ்டால் செய்யும்போது சி, டி என்று பார்க்காமல் எல்லா பார்ட்டிஷன்களையும் அழிக்கச் சொல்லுங்கள்.

"ஒரிஜினல் விண்டோஸுக்கு ஆயிரக்கணக்கில் ஆகுமே?" என்ற கவலை வரும். லேப்டாப் வாங்கும்போதே விண்டோஸோடு வந்ததா என்று பழைய பில்லைப் பாருங்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து பிராண்டட் லேப்டாப்களில் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. லேப்டாப்போடு வந்த அதே எடிஷனை (பெரும்பாலும் ஹோம்) போட்டு இன்டர்நெட்டை இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினலை அழித்துவிட்டு, மேலே திருட்டு ப்ரோ எடிஷனை ஏற்றி வைத்திருக்கும் லேப்டாப்களை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். வயிற்றெரிச்சல்.

எந்த விண்டோஸ்? 10-க்கான வழக்கமான அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. உங்கள் லேப்டாப்பில் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருந்தால் விண்டோஸ் 11 போடலாம். ஆறு வருட மெஷினில் இருக்க வாய்ப்பு அதிகம். அப்டேட் என்பது எரிச்சலான விஷயம்தான், அவசரத்துக்குத் திறக்கும்போதுதான் ஓட ஆரம்பிக்கும். ஆனால் 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) பரவியபோது நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து மருத்துவமனைகள் வரை முடங்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் தள்ளிப்போட்டவர்கள்தான் சிக்கினார்கள்.

ஆன்டிவைரஸ் விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஒரு வீட்டுக்குப் போதும். காசு கொடுத்து ஒன்று வாங்கினாலும் தவறில்லை. ஆனால் இரண்டை ஒன்றாகப் போடாதீர்கள், ஒன்றையொன்று சந்தேகப்பட்டு மெஷினை நிறுத்திவிடும். சந்தேகம் வரும்போது டிஃபெண்டரின் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டுங்கள். விண்டோஸ் முழுமையாக எழும் முன்பே தேடுவதால், ஒளிந்துகொள்ளும் வகைகளும் மாட்டும். மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா 2017-இலிருந்து இலவசக் கருவிகள் தருகிறது. அதில் சென்னை நிறுவனமான கே7 உருவாக்கியதும் உண்டு.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது யூசர் கணக்கு. ஒரு புரோகிராமை நீங்கள் ஓட்டினால், உங்களுக்கு உள்ள அதிகாரம் அதற்கும் உண்டு. எனவே அட்மின் கணக்கை நீங்கள் வைத்துக்கொண்டு, மகனுக்கும் கணவருக்கும் தனித்தனியாக சாதாரண ஸ்டாண்டர்டு கணக்கு போடுங்கள். பெரும்பாலான புரோகிராம்களை இன்ஸ்டால் செய்ய முயன்றால் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். கேட்கும்போதெல்லாம் எழுந்து போய் "என்னடா அது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கணவருக்கு ஒன்று. கடை மெயிலுக்கு இன்வாய்ஸ் என்று வருவதெல்லாம் இன்வாய்ஸ் இல்லை. 2000-இல் பிலிப்பைன்ஸில் இருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ், காதல் கடிதம் போன்ற டெக்ஸ்ட் ஃபைலாக வேடமிட்டது. ஃபைல் பெயரின் கடைசியில் அது என்ன வகை என்று காட்டும் உண்மையான எக்ஸ்டென்ஷனை (பிரவுசர் எக்ஸ்டென்ஷன் வேறு) விண்டோஸ் மறைத்ததால்தான் அந்த வேடம் எடுபட்டது. அந்த மறைப்பு வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். பிடிஎஃப் என்று சொல்லிக்கொண்டு கடைசியில் எக்ஸ்இ என்று முடிந்தால் அழித்துவிடுங்கள்.

மகனுக்கும் ஒன்று. இப்போது புதிதாக ஒரு ஏமாற்று ஓடுகிறது: "நீங்கள் மனிதர்தான் என்று காட்ட விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் அழுத்தி, கண்ட்ரோல் வி கொடுத்து, என்டர் தட்டுங்கள்." மறைவாகக் காப்பி செய்யப்பட்ட கட்டளையை அவரே தன் கையால் ஓட்டுகிறார். எந்த நேர்மையான தளமும் இதைக் கேட்காது.

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வரும் பென் டிரைவும் ஒரு வழி. ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நின்றதைப் பார்த்திருப்பீர்கள். உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு வைரஸ் வைத்த பொறி அது. என் பென் டிரைவும் ஒரு கடையில் அப்படிச் சிக்கியது. அன்றிலிருந்து பிரிண்ட் எடுக்க மெயிலில் அனுப்பிவிடுகிறேன்.

கடைசியாக, இந்த எட்டு மாதத்தில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் வெளியே போயிருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்மட் முடியும் வரை அந்த லேப்டாப்பில் பேங்க் வேண்டாம். மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மொபைலில் இருந்து மாற்றி, 'எல்லாச் சாதனங்களிலும் சைன் அவுட்' கொடுங்கள். திருடிய லாகின் அப்போதுதான் செல்லாமல் போகும். கணக்கில் பணம் குறைந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். போர்ட்டபிள் டிஸ்க்கில் வாரம் ஒருமுறை கடைக் கணக்கைக் காப்பி எடுத்துவிட்டு, அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.