அம்மாவின் மாத்திரைப் பை: நீலகிரி வாசகர்களின் கேள்விகள்

மாத்திரையைத் தவறவிடும் பெரியவர்களுக்குப் பிடிவாதம் என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். வந்திருக்கும் கேள்விகளைப் பார்த்தால், அவர்களுக்குப் புரியும்படி யாரும் சொல்லவே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

கேள்வி (கோத்தகிரி): எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மாவுக்கு 74 வயது. படிக்கத் தெரியாது. அரசு ஆஸ்பத்திரி மாத்திரையும் தனியார் டாக்டர் மாத்திரையும் ஒரே பையில் கிடக்கின்றன. நிறம் பார்த்துப் போடுகிறார். சரியா?

பதில்: நிறத்தை நம்பக் கூடாது. ஒரே மருந்து கம்பெனிக்குக் கம்பெனி வேறு நிறத்தில் வரும். போன மாதம் வெள்ளை, இந்த மாதம் இளஞ்சிவப்பு என்றால் ‘இது என்னோடது இல்லை’ என்று அம்மா ஒதுக்கிவிடலாம். அல்லது பழையது, புதியது இரண்டையும் போட்டுவிடலாம். சர்க்கரை மாத்திரையான கிளிமிபிரைடு இரட்டிப்பானால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் இரட்டிப்பானால் பிரஷர் இறங்கித் தலைசுற்றலாம், கால் வீங்கலாம்.

பையைத் துணியில் கொட்டுங்கள். அட்டையில் கம்பெனி வைத்த பெயரும் இருக்கும், மருந்தின் பெயரும் இருக்கும். எழுத்தின் அளவை வைத்து எது எது என்று முடிவு செய்யாதீர்கள், தெரியாவிட்டால் மெடிக்கலில் கேளுங்கள். மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருக்கும் அட்டைகளைச் சேர்த்து வையுங்கள். ஒரே மருந்து இரண்டு சீட்டிலும் இருந்தால் எதை நிறுத்துவது என்று நீங்களே முடிவு செய்யாமல், மொத்தப் பையோடு டாக்டரிடம் போங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருபவருக்கும் தனியார் மாத்திரை இருப்பது தெரிய வேண்டும்.

பிறகு இரண்டு மூடி போட்ட டப்பாக்கள்: காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை வரைந்து ஒட்டுங்கள். சீட்டில் 1-0-1 என்றால் காலையும் இரவும். நடுவிலுள்ள பூஜ்யம், மதியம் வேண்டாம் என்பதற்கு. அந்த மருந்தின் அட்டை இரண்டு டப்பாவிலும் இருக்கட்டும். மாத்திரையை மொத்தமாக உரித்துப் போட்டு வைத்தால் மழைக்கால ஈரம் கெடுத்துவிடும். ஆஸ்பிரின் சிதைந்தால் காடி வாடை அடிக்கும். அட்டையை ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரிக்கவும் வேண்டாம். பார்வை மங்கியவர்கள் தகடோடு விழுங்கிவிடுவதுண்டு. கூர்முனை உணவுக்குழாயைக் கிழிக்கலாம்.

சொல்லி முடித்ததும் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘ராத்திரிக்கு எதும்மா, எடுத்துக் காட்டுங்க’ என்று கேளுங்கள். தவறாக எடுத்தால் நீங்கள் சொன்ன விதம் சரியில்லை. வேறு மாதிரி சொல்லுங்கள்.

கேள்வி (ஊட்டி): அப்பாவுக்கு இன்சுலின். ஃபிரிட்ஜ் இல்லை. குளிர்ந்த ஊர்தானே, ஜன்னலோரம் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பகலில் வெயில் படும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி. உறைந்த இன்சுலின் உருகிய பின் பார்வைக்குச் சரியாகத் தெரிந்தாலும் அதை நம்பிப் போடக் கூடாது, எறிந்துவிட வேண்டும். பயன்பாட்டில் உள்ள குப்பிக்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை. வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், அடுப்புக்கும் கணப்புக்கும் தள்ளி வையுங்கள். பெரும்பாலான வகைகள் திறந்த நாளிலிருந்து 28 நாள் தாங்கும். அந்தத் தேதியைக் குப்பியிலேயே எழுதுங்கள். திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும் என்பதால் ஒவ்வொன்றாக வாங்குவதே நல்லது. மேட்டுப்பாளையத்திலிருந்து வாங்கி வந்தால் ஐஸ் மீது நேராக வைக்காமல் துணி சுற்றி எடுத்து வாருங்கள்.

கேள்வி (குன்னூர்): விடிந்ததும் டீ இல்லாமல் பாட்டிக்கு முடியாது. தைராய்டு மாத்திரையை டீயோடு கொடுக்கலாமா?

பதில்: தண்ணீரோடு மட்டும். டீ அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. மாத்திரையையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்துவிட்டால், முகம் கழுவி அடுப்பு மூட்டுவதற்குள் நேரம் ஓடிவிடும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் டீயோடு கொடுக்காதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது.

கேள்வி (கூடலூர்): மண்சரிவில் பஸ் நின்று 3 நாள் பிரஷர் மாத்திரை இல்லை. இப்போது சேர்த்துப் போடலாமா? பிரஷரும் நார்மலாகத்தான் இருக்கிறது.

பதில்: சேர்த்துப் போடக் கூடாது, வழக்கமான அளவில் தொடருங்கள். நார்மலாக இருப்பது இதுவரை போட்ட மாத்திரையின் வேலை. அட்டெனோலால், மெட்டோபுரோலால் வகை என்றால், திடீரென்று நின்றால் நெஞ்சுவலி வரலாம். இந்த வகையை மட்டும், தொடரும் முன் டாக்டரிடம் கேளுங்கள். மழைக்காலத்தில் ஒரு வார மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

கேள்வி (மஞ்சூர்): மூட்டுவலிக்கு மெடிக்கலில் வலி மாத்திரை கேட்டு வாங்கித் தினமும் போடுகிறார் மாமியார். பிரஷர் மாத்திரையும் உண்டு. சரியா?

பதில்: இதுதான் எங்களை மிகவும் கவலைப்பட வைக்கிறது. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றலாம். இவற்றோடு லோசார்டான் அல்லது எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் கெடலாம். வாந்தி, பேதி வந்த நாளில் இன்னும் வேகமாக. சிறுநீர் குறைந்தாலோ, முகமும் காலும் வீங்கினாலோ வலி மாத்திரையை நிறுத்தி அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். பாரசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதுவும் பல சளி மாத்திரைகளில் கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.