வண்டிக்கான பணத்தை எங்கே செலவழிப்பது?

கேள்வி: நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். இந்தக் கோடை விடுமுறையில் சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் குடும்பத்தோடு போகிறோம். நான், கணவர், அத்தை, கல்லூரியில் படிக்கும் மூத்தவள், இரண்டாம் வகுப்பில் படிக்கும் இளையவள் என்று ஐந்து பேர். அத்தைக்கு எழுபத்து நான்கு வயது. முழங்கால் வலி உண்டு. வாழ்க்கையில் ஒருமுறை வசதியாகப் போய்வரலாம் என்று இரண்டு ஊரிலும் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் அறை எடுத்திருக்கிறோம். விமான நிலையத்துக்கு ஹோட்டல் வண்டியே வர வேண்டுமானால் சிங்கப்பூரில் 180 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பாங்காக்கில் 3,500 பாட் கேட்கிறார்கள். அதுவும் ஒரு வழிக்கு மட்டும். கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். கைபேசியில் டாக்சி அழைத்தால் இதில் கால்பங்கு கூட ஆகாது என்கிறாள் மூத்தவள். திருவனந்தபுரத்தில் இரவு பதினொரு மணி அளவில் விமானம் ஏறி விடியற்காலையில் சிங்கப்பூரில் இறங்குகிறோம். பாங்காக் போய்ச் சேருவது மாலை நேரம். திரும்பும்போது திருவனந்தபுரத்தில் இறங்க இரவு பத்து மணிக்கு மேல் ஆகும். அங்கே போய்வர எங்கள் கடை வண்டியும் டிரைவரும் இருப்பதால் செலவு இல்லை. ஹோட்டல் வண்டிக்கு இவ்வளவு கொடுப்பது தகுமா?

- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புள்ள சகோதரி, பாங்காக்கில் இறங்கும்போது மட்டும் கொடுங்கள். மற்ற மூன்று முறையும் வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை, செலவே இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கும் திருவனந்தபுரம் பயணத்துக்குச் செலவழியுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் அதுதான்.

ஹோட்டல் கேட்கும் தொகை ஏன் இவ்வளவு பெரியது என்று முதலில் பார்ப்போம். பெரும்பாலான ஹோட்டல்களுக்குச் சொந்த வண்டி கிடையாது. வெளியிலுள்ள ஒரு வண்டி நிறுவனத்தோடு ஒப்பந்தம் வைத்து, அவர்களுடைய கட்டணத்தின் மேல் தங்கள் பங்கைச் சேர்த்து உங்களிடம் வாங்குகிறார்கள். விமானம் தாமதமானால் காத்திருக்கும் நேரம், நிலையத்தின் பார்க்கிங், பெயர்ப் பலகை பிடித்து நிற்கும் ஆளின் கூலி எல்லாம் அதில் அடங்கும். ஓடுகிற தூரத்துக்கான காசு அதில் சிறு பங்குதான். ஆகவே நீங்கள் விலை கொடுத்து வாங்குவது, உங்களுக்காக ஒருவர் காத்து நிற்பதையும், ஏதாவது தவறினால் பதில் சொல்ல ஹோட்டல் பொறுப்பேற்பதையும்தான். வண்டியில் கைப்பையை விட்டுவிட்டு இறங்கினால் வரவேற்பு மேசையில் சொன்னாலே போதும், தேடி எடுத்துவிடலாம். இந்தக் காத்திருப்பும் பொறுப்பும் உங்களுக்குத் தேவைப்படும் இடத்தில் விலை அதிகமாக இருந்தாலும் கொடுக்கலாம். தேவைப்படாத இடத்தில் எவ்வளவு வசதியுள்ளவரும் கொடுக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் தேவைப்படாது. சாங்கி நிலையத்திலிருந்து நகரின் நடுப்பகுதி ஏறக்குறைய இருபது கிலோமீட்டர்தான். டாக்சி வரிசை ஒழுங்காக நகரும். எல்லா வண்டியும் மீட்டரில் ஓடும். பேரம் என்ற பேச்சே இல்லை. நகருக்குள் இருக்கும் ஹோட்டலுக்கு விமான நிலையக் கூடுதல் கட்டணமும் சேர்த்துப் பெரும்பாலும் 25 முதல் 45 வெள்ளிக்குள் முடிந்துவிடும். நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை மீட்டர் தொகையின் மேல் பாதி கூடும். நீங்கள் இறங்கிக் குடியேற்றச் சோதனை முடித்துப் பெட்டிகளை எடுத்து வருவதற்குள் ஆறு மணி ஆகிவிடும் என்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். சாதாரண டாக்சியில் நான்கு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். ஐந்து பேருக்கும் பெட்டிகளுக்கும் சேர்த்து ஆறு பேர் அமரும் பெரிய வண்டி வேண்டும் என்று அங்குள்ள போக்குவரத்து உதவி மேசையில் கேளுங்கள். நிர்ணயித்த கட்டணத்தில் ஏற்பாடு செய்வார்கள். அப்போதும் 180 வெள்ளியை நெருங்காது. கைபேசியில் அழைக்கும் வண்டியும் அங்கே நம்பகமானதே, உங்கள் மூத்த மகள் சொல்வது சரி. ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லிவையுங்கள். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தை ஏறினால், செயலி வழி வரும் தனியார் வாடகை வண்டியில் குழந்தைக்கான இருக்கை கட்டாயம். டாக்சிக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. இளையவளின் உயரத்தை வீட்டுச் சுவரிலேயே அளந்துவிட்டுப் போங்கள்.

சிங்கப்பூரில் உங்களுக்குத் தட்டுப்பாடாகப் போவது அறைதான். விடியற்காலையில் போய்ச் சேருகிறீர்கள். ஐந்து நட்சத்திர ஹோட்டலாக இருந்தாலும் அறை கொடுக்கும் நேரம் பெரும்பாலும் பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணி. சொகுசு வண்டியில் போய் இறங்கிவிட்டு, இரவெல்லாம் தூங்காத அத்தை வரவேற்புக் கூடத்து சோபாவில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் என்ன வசதி அது? காலையிலேயே அறை கிடைக்குமா, அதற்கு எவ்வளவு என்று ஹோட்டலுக்கு எழுதிக் கேளுங்கள். பாதி நாள் கட்டணம் கேட்கலாம். முந்தைய இரவுக்கான வாடகையையே கேட்கவும் கூடும். முழுவதும் கொடுக்க மனமில்லையானால் அத்தையும் குழந்தையும் படுக்க ஓர் அறையையாவது முன்கூட்டி எடுங்கள். வண்டிக்கு வைத்திருந்த 180 வெள்ளி இங்கே போனால் நான் மகிழ்வேன்.

பாங்காக் வேறு மாதிரி. சுவர்ணபூமி நிலையம் நகரிலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. மாலை நேரத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு மணி நேரமும் ஆகும், இரண்டு மணி நேரமும் ஆகும். தரைத்தளத்தில் இயந்திரத்தில் சீட்டு எடுத்து ஏறும் மீட்டர் டாக்சி மிக மலிவு. மீட்டருக்கு மேல் 50 பாட் நிலையக் கட்டணம், விரைவுச்சாலையின் சுங்கம் தனி. எல்லாம் சேர்த்தாலும் ஹோட்டல் கேட்பதில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பல நேரம் முடியும். தனி ஆளாகப் போகிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த டாக்சிகளில் பலவற்றில் டிக்கிக்குள் எரிவாயு உருளை பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்; இரண்டு பெரிய பெட்டி வைத்தால் நிறைந்துவிடும். ஐந்து பேர் என்றால் இரண்டு வண்டியாகப் பிரிய வேண்டும். ஒன்றில் உங்கள் கணவர், மற்றொன்றில் நீங்களும் அத்தையும். மீட்டர் போடத் தயங்கும் டிரைவரோடு, தாய்லாந்து மொழியில் ஹோட்டல் பெயரைச் சொல்லத் தெரியாமல், நெரிசலில் முன்னே போன வண்டி எங்கே என்று தெரியாமல் அந்த மாலையைக் கழிக்க வேண்டி வரலாம். வேன் கிடைக்காமல் இல்லை. மூட்டு வலியோடு ஒருவர் நிற்கும்போது அதைத் தேடி அலைவது யார்? 3,500 பாட்டுக்கு ஒரே வேனில் ஐந்து பேரும் பெட்டிகளோடு போய் இறங்குவீர்கள் என்றால் அது நியாயமான விலை. எந்த வண்டி அனுப்புகிறார்கள் என்று மட்டும் கேட்டுவிடுங்கள். நீளமான காரை அனுப்பினால் அதிலும் ஐந்து பேர் அடங்க மாட்டீர்கள். பக்கவாட்டில் நகரும் கதவுள்ள வேன்தான் முழங்காலுக்கு எளிது.

இரண்டு ஊரிலும் திரும்பும்போது ஹோட்டல் வண்டி வேண்டவே வேண்டாம். அப்போது யாரும் உங்களுக்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை. ஹோட்டல் வாசலில் நிற்கும் ஊழியரிடம் முந்தைய நாள் இரவே சொல்லிவைத்தால் பெரிய டாக்சியை அழைத்து, போக வேண்டிய முனையத்தையும் டிரைவரிடம் அவர் மொழியிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்.

குடியேற்ற வரிசையை ஹோட்டல் வண்டி குறைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூருக்கும் தாய்லாந்துக்கும் வருகை அட்டையை, அங்கே போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிட்டுப் போங்கள். தாய்லாந்து 2025 மே முதல் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அத்தைக்குச் சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் இப்போதே பதிவு செய்யுங்கள். நீண்ட நடைபாதையில் அவரைக் காப்பாற்றப் போவது அந்த உதவிதான், வெளியே நிற்கும் எந்த லிமோசினும் இல்லை.

இனி திருவனந்தபுரத்துக்கு வருகிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு வரை நான்குவழிச் சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி நாகர்கோவில் போனபிறகு கதை மாறுகிறது. தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று ஓர் ஊர் முடியுமுன் அடுத்த ஊர் தொடங்கும். சாலை வளைந்து வளைந்து போகும். இரவில் கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் எதிரும் புதிருமாக வரும். மொத்தம் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விமானம் இரவு பத்து மணிக்கு மேல் இறங்கினால், வெளியே வரப் பதினொன்றரை. வீடு சேர அதிகாலை மூன்றரை. அந்த நேரத்தில் எந்த டிரைவரின் உடம்பும் தூக்கத்தைக் கேட்கும். அன்று பகல் முழுவதும் கடைக்குச் சரக்கு ஏற்றி இறக்கிவிட்டு, மாலையில் நான்கு மணி நேரம் ஓட்டி வந்து, நிலையத்து வாசலில் காத்திருந்த மனிதர் அவர். அவருடைய கையில் ஐந்து உயிரை ஒப்படைத்துவிட்டு, சாங்கியிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு 180 வெள்ளி கொடுக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். நம் பக்கத்தில் வசதியுள்ள குடும்பங்கள் பலவும் இதைத்தான் செய்கின்றன. வெளிநாட்டுச் செலவு கண்ணில் படுகிறது. வீட்டு வண்டியின் செலவு கண்ணில் படுவதில்லை.

திரும்பும் இரவு திருவனந்தபுரத்திலேயே தங்குங்கள். விமான நிலையத்துக்கும் நகருக்கும் தூரம் அதிகமில்லை. அங்கே நல்ல ஹோட்டலில் இரண்டு அறை எடுத்து, நிலையத்துக்கு வண்டி அனுப்பச் சொல்லுங்கள். இரவு நேரத்தில் அத்தையோடு வெளியே வந்து நிற்கும் உங்களுக்கு அந்தச் சிறு தொகை மிகவும் தகும். உங்கள் டிரைவர் வீட்டில் தூங்கி எழுந்து, காலை ஆறு மணிக்குப் பாளையங்கோட்டையில் புறப்பட்டு வரட்டும். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பீர்கள். அவரிடம் பன்னாட்டு முனையம் சாக்கை பக்கம் இருக்கிறது என்பதைப் போகும்போதே காட்டிவிடுங்கள். சங்குமுகம் பக்கத்து உள்நாட்டு முனையத்தில் போய் நின்று தேடுகிறவர்கள் உண்டு.

போகும் நாளில் பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் புறப்பட்டால் வெளிச்சத்திலேயே கடினமான சாலையைத் தாண்டிவிடலாம். அன்று காலையில் டிரைவருக்குக் கடையில் வேலை கொடுக்காதீர்கள். உங்களை இறக்கிவிட்டு அவர் தனியாகத் திரும்ப வேண்டும் என்பதையும் நினைத்து, நாகர்கோவிலில் தங்க ஒரு படுக்கைக்கும் இரவுப் பேட்டாவுக்கும் பணம் கொடுத்து அனுப்புங்கள். கடை வண்டியில் ஐந்து பேரும் பெட்டிகளும் அடங்காமல் வாடகை வண்டி எடுப்பதானால் மஞ்சள் போர்டு வண்டியாக இருக்கட்டும். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் சிக்கல் வரும். இன்னோவா போல உயரமான வண்டி என்றால் அத்தை கால் வைத்து ஏற ஒரு சிறு மணையைப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

பங்குனியிலும் ஐப்பசியிலும் சுவாமியைக் கடலில் நீராட்டும் ஆறாட்டு நாட்களில் பத்மநாப சுவாமியின் ஊர்வலம் ஓடுபாதை வழியாகச் சங்குமுகம் கடற்கரைக்குப் போவதற்காக திருவனந்தபுரம் விமான நிலையம் சில மணி நேரம் மூடப்படும். உங்கள் கோடைப் பயணத்தை இது பாதிக்காது. பின்னொரு முறை தேதி பார்க்கும்போது நினைவில் வையுங்கள். அப்போது வாகைக்குளத்தையும் யோசியுங்கள். அங்கேயுள்ள தூத்துக்குடி விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்திருக்கிறார்கள். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து சென்னை வழியாகப் போக ஒரே டிக்கெட் கிடைத்தால், இரவுச் சாலைப் பயணமே இல்லாமல் போகும்.

இதே கேள்வியை மாலத்தீவுக்குப் போகும் வாசகர்களும் கேட்பதுண்டு. அங்கே பதில் நேர்மாறானது. தீவுக்குப் போக ரிசார்ட் ஏற்பாடு செய்யும் படகையோ கடல் விமானத்தையோதான் பெரும்பாலும் நம்ப வேண்டும். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலையில் மாலேயில் இறங்கினால் அன்றிரவு அங்கேயே தங்க நேரும். அறை வாடகையைப் பார்க்குமுன் இந்தப் பயணக் கட்டணத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு தலைக்கும் தனியாக வாங்குவார்கள்.

பாங்காக் ஹோட்டலுக்கு இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்புங்கள். 3,500 பாட் வண்டிக்கா, தலைக்கா? அதன் மேல் பத்து சதவீத சேவைக் கட்டணமும் ஏழு சதவீத வரியும் சேருமா? சுங்கம் அடங்குமா? விமானம் தாமதமானால் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்? எத்தனை மணி நேரம் முன்புவரை ரத்து செய்யலாம்? பெயர்ப் பலகையோடு ஆள் எந்தக் கதவருகே நிற்பார்? விமான எண்ணையும், ஐந்து பேர், இத்தனை பெட்டி என்ற கணக்கையும், குழந்தையின் வயதையும் நீங்களே எழுதிவிடுங்கள். பதில் வந்ததும் அதை அச்செடுத்து ஒரு பிரதியை அத்தையின் கைப்பையிலும் வையுங்கள். மாலையில் இறங்கும்போது உங்கள் எல்லோருடைய கைபேசியிலும் சார்ஜ் தீர்ந்திருக்கக்கூடும்.