வீட்டுப் பட்டறைக்கு ஸ்பிண்டில், பெல்ட் இரண்டும் சேர்ந்த சாண்டர் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

வேளச்சேரி அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடி ஷெட்டில் வார இறுதிகளில் நடைவண்டி, ஆடும் குதிரை, கொலுப்படி எல்லாம் செய்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஜிக்சாவில் வெட்டிய வளைவுகளை உப்புத்தாளால் தேய்த்தே கை ஓய்ந்துபோகிறது, செங்குத்தாகச் சுழலும் தண்டும் (ஸ்பிண்டில்) பெல்ட்டும் சேர்ந்த காம்பினேஷன் சாண்டர் வாங்கலாமா, இல்லை பெல்ட்டும், சுழலும் வட்டத் தட்டான டிஸ்க்கும் உள்ள சாதாரண மெஷினே போதுமா என்பது உங்கள் கேள்வி.

ஆடும் குதிரை என்று படித்ததுமே எனக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. காம்பினேஷனே வாங்குங்கள். காரணம் உள்வளைவு. குதிரையின் கழுத்து முதுகோடு சேரும் இடம், வயிற்றுக்கு அடியில் கால் பிரியும் இடம், குழந்தை கைபிடிக்கும் துவாரம் எல்லாமே உள்பக்கமாகக் குழிந்த வளைவுகள். டிஸ்க் தட்டையானது, அதனால் வெளிவளைவையும் நேர் விளிம்பையும் மட்டும்தான் தொடும். பெல்ட்டின் உருளைப் பக்கம் பெரிய உள்வளைவுக்கு ஓரளவு உதவும், அதற்கு மேல் முடியாது. கொலுப்படி, ஸ்டூல், அலமாரி என்று நேர்கோட்டு வேலை மட்டும் செய்பவர் கேட்டிருந்தால் டிஸ்க் மெஷினையே வாங்கச் சொல்லியிருப்பேன். அது விலையும் குறைவு, கடைகளிலும் சுலபமாகக் கிடைக்கும்.

இந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எதைச் சோதிக்க வேண்டும் என்பது தானாகப் புரியும். மேசைக்கு நடுவில் செங்குத்தாக ஒரு தண்டு சுழல்கிறது. அதில் ரப்பர் டிரம்மைச் செருகி, அதன்மேல் உப்புத்தாள் குழலை மாட்டி நட்டை முறுக்கினால், ரப்பர் பிதுங்கிக் குழலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். டிரம்மைக் கழற்றிவிட்டு அதே தண்டில் பெல்ட் அமைப்பை வைத்தால், பெல்ட் படுக்காமல் விளிம்பில் நின்றபடி ஓடும். இரண்டிலும் தண்டு சுழன்றுகொண்டே நிமிடத்துக்கு 60 தடவை அளவில் மேலும் கீழும் ஏறி இறங்கும். காசு கொடுப்பது இந்த ஏற்ற இறக்கத்துக்குத்தான். ஒரே இடத்தில் சுழலும் தாள் மரத்தில் கோடு கோடாக இழுத்துவிடும், அந்த இடம் சூடேறிக் கருகும், தாளும் ஒரு பட்டையில் மட்டும் தேய்ந்துபோகும். ஏறி இறங்கும்போது கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் கலைந்துவிடுகின்றன.

பெல்ட் அளவைப் பொறுத்தவரை நமக்கு ஒரு நல்ல சேதி உண்டு. இந்த வகை மெஷின்களில் பரவலாக வருவது 100 மி.மீ. அகலம், 610 மி.மீ. சுற்றளவுள்ள பெல்ட். மகிடா 9404 போன்ற 4 அங்குல கை பெல்ட் சாண்டருக்குப் போடுவதும் அதே அளவுதான். தச்சர்கள் அன்றாடம் வாங்கும் சரக்கு என்பதால் லிங்கி செட்டி தெருவிலோ சிடன்ஹாம்ஸ் சாலைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளிலோ கேட்டால் கிடைக்கும். 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நம் ஊர் கம்பெனிதான், உப்புத்தாளுக்குச் சென்னையில் பஞ்சமில்லை. வேறு விசித்திர அளவில் பெல்ட் கேட்கும் மெஷின் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள்.

சிக்கல் குழலில்தான். பெரும்பாலான மெஷின்களுக்கு 115 மி.மீ. உயரக் குழல் வேண்டும், விட்டம் 13, 19, 26, 38, 51, 76 மி.மீ. என்று போகும். நம் கடைகளில் டிரில்லில் மாட்டும் குட்டை டிரம்களுக்கான குழல்தான் சாதாரணமாகக் கிடைக்கிறது, அது இதற்கு உதவாது. ஆகவே மெஷினை ஆர்டர் செய்யும் அன்றே, அதே குழல்கள் தனியாக எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கின்றன என்று தேடிப் பாருங்கள். குழல் வாங்க வழியில்லாத மெஷின் சில மாதங்களில் வெறும் பெல்ட் சாண்டராகிவிடும். வாங்கும்போது எந்த விட்டம் சீக்கிரம் தீரும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். தண்டின் வேகம் மாறாது, நிமிடத்துக்கு 2000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 76 மி.மீ. டிரம்மில் தாள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 480 மீட்டர் ஓடும். டிரம் இல்லாமல் தண்டிலேயே மாட்டும் 13 மி.மீ. குழலில் 80 மீட்டர் சொச்சம்தான். தாளின் பரப்பும் ஆறில் ஒரு பங்கு. சின்னது மெதுவாகத் தேய்க்கும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். சின்ன விட்டத்தில் கூடுதலாக வாங்கி வையுங்கள். ஆனால் வளைவுக்குள் நுழையும் டிரம்களில் பெரியது எதுவோ அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். சின்ன டிரம் மரத்தில் குழி குழியாகக் கடித்துவிடும், பிறகு அந்த அலையைச் சமன் செய்வதற்குள் கோடு உள்ளே போய்விடும்.

குழலை மிச்சப்படுத்த ஒரு பழக்கம் சொல்கிறேன். 18 மி.மீ. பிளைவுட்டைத் தேய்க்கும்போது 115 மி.மீ. குழலின் அடிப்பகுதி மட்டும்தான் வேலை செய்கிறது, ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக்கொண்டாலும் மேல் பாதி புதிதாகவே நிற்கும். அடி மழுங்கியதும் குழலைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். நடுப்பகுதி மிஞ்சினால் மேசைமேல் ஒரு தட்டைப் பலகையை வைத்து, அதன்மேல் வேலையை வைத்துத் தேய்க்கலாம். பெல்ட்டுக்கும் இதே பலகை உதவும்.

கடையில் மெஷினைப் பார்க்க முடிந்தால் வாட் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் மூலைமட்டத்தை எடுங்கள். கையோடு ஒரு துண்டு பிளைவுட்டும் கொண்டுபோங்கள். மேசைக்கும் பெல்ட்டுக்கும் இடையில் மூலைமட்டத்தை வைத்து, பின்னால் செல்போன் டார்ச்சை அடித்தால் வெளிச்சம் எங்கே கசிகிறது என்று தெரியும். மேசைச் சாய்வில் பூஜ்ஜியம் என்று முள் காட்டுவதை நம்ப வேண்டாம். முள்ளை நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம், மேசையே முறுகியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பெல்ட்டின் ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று இடத்திலும் வைத்துப் பாருங்கள். பிறகு மெஷினை ஓடவிட்டு பிளைவுட் விளிம்பை லேசாகத் தேய்த்து, தேய்த்த விளிம்பில் மூலைமட்டம் வையுங்கள். நிற்கும்போது சரியாக இருந்து ஓடும்போது தவறினால், பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் தகடு அமுங்குகிறது என்று அர்த்தம். அந்தத் தகடு வளையாமல் தட்டையாக இருக்கிறதா என்று பெல்ட்டைக் கழற்றி ஒரு எஃகு ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள். பெல்ட் ஒரு பக்கமாக நழுவினால் அதற்கான குமிழைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவர முடிகிறதா, நடுவில் வந்தபின் அங்கேயே நிற்கிறதா என்பதையும் ஓடவிட்டுத்தான் அறிய முடியும்.

தண்டைச் சுற்றி வைக்கும் வளையத் தட்டுகளையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிரம்முக்கும் ஏற்ற துளையுள்ள தட்டு தேவை. 13 மி.மீ. தண்டைச் சுற்றிப் பெரிய ஓட்டை இருந்தால் சின்னப் பொம்மைத் துண்டு அதில் இறங்கிச் சிக்கும். விரலுக்கும் நல்லதல்ல.

ஒரு எதிர்பார்ப்பை இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். 610 மி.மீ. பெல்ட்டில் தட்டையாகத் தேய்க்கக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு சாண் நீளம்தான். கொலுப்படியின் நீளப் பலகையை இதில் ஓட்டி நேராக்க முடியாது, அதற்கு இழைப்புளியோ பிளேனரோதான். இது சின்னத் துண்டுகளுக்கான மெஷின். நடைவண்டிச் சக்கரத்தை இதில் அச்சு பிசகாமல் வட்டமாக்கலாம்: ஒரு பலகையில் ஆணியை நிறுத்தி, சக்கரத்தின் நடுத்துளையை அதில் மாட்டி, பெல்ட்டை நோக்கி மெல்ல நகர்த்தி, பலகையை மேசையோடு கிளாம்ப் போட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் போதும். மூன்று சக்கரமும் ஒரே அளவில் வரும். வெளியே விற்கும் நடைவண்டிகள் பல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவதற்குச் சக்கர வித்தியாசமும் ஒரு காரணம். தத்தி நடக்கும் குழந்தை அதன் மேல் முழு எடையையும் போடுகிறது, அதனால் இதில் மட்டும் அவசரமே வேண்டாம்.

வெளிநாட்டு வீடியோக்களில் அடிக்கடி காட்டப்படும் ரிட்ஜிட் என்ற அமெரிக்க பிராண்டின் மெஷினைத் தெரிந்தவர் மூலம் அமெரிக்காவிலிருந்து வரவழைக்கலாமா என்றும் பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், நம் 50 ஹெர்ட்ஸை மாற்றாது. இண்டக்ஷன் மோட்டார் என்றால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும், கூடுதலாகச் சூடும் ஆகும். டிரைட்டன் போன்ற கம்பெனிகள் 230 வோல்ட்டிலேயே இதே வகை மெஷின் செய்கின்றன, அவர்களுடையது 450 வாட். அந்த அளவுக்குச் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கே போதும். ஆனால் மொட்டை மாடிக்கு இழுத்த லைனில் எர்த் சரியாக இருக்கிறதா, இஎல்சிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் அந்த ஷெட்டில் ஈரம் இருக்கத்தான் செய்யும்.

அடுத்தது தூள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தொண்டையில் அரிக்கும் பெரிய தூளைவிட, வெயில் கீற்றில் மிதக்கும் நுண்தூள்தான் நுரையீரலுக்குள் போகிறது. மெஷினில் வாக்கியூம் குழாய் மாட்டும் வாய் இருக்கும். அதன் விட்டத்தை அளந்து, உங்கள் வாக்கியூம் குழாய்க்கு ஏற்ற இணைப்பைச் சேர்த்தே வாங்குங்கள். வாக்கியூமின் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், நடுவில் ஒரு சைக்ளோன் வாளி (காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் மூடிய வாளி) வைத்தால் தூளில் பெரும்பகுதி அதிலேயே விழுந்துவிடும். அதோடு என்95 மாஸ்க்கும் போடுங்கள். ஷெட்டில் குழந்தைகள் விளையாட வருவார்கள் என்றால், வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் வாக்கியூமால் உறிஞ்சுங்கள். பெருக்கினால் நுண்தூள் எழும்பி வெகுநேரம் மிதக்கும். மாடியில் துணி காயப்போடும் அக்கம்பக்கத்தாரும் சண்டைக்கு வராமல் இருப்பார்கள்.

பழைய வீடு இடித்த பர்மா தேக்கு வாங்கி வேலை செய்பவர்கள் சென்னையில் நிறைய. அருமையான மரம், ஆனால் உள்ளே உடைந்த ஆணி நிற்கும். அது பெல்ட்டைக் கிழிப்பதோடு நிற்காமல் தீப்பொறியையும் கிளப்பும், பொறி வாக்கியூமில் சேர்ந்த மரத்தூளில் போய் விழுந்தால் புகைந்து பிடித்துக்கொள்ளும். விளிம்பு முழுவதும் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தேயுங்கள். இந்த மெஷினில் இரும்பைத் தேய்க்கவே வேண்டாம். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் தாளும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கிரேப் ரப்பர் கட்டியை ஓடும் பெல்ட்டில் லேசாக அழுத்தினால் அடைப்பு உதிர்ந்து தாள் மறுபடி கடிக்கும்.

ஜிக்சாவில் வெட்டும்போது கோட்டுக்கு வெளியே ஒன்றரை மி.மீ. விட்டு வெட்டி, 80 நம்பர் தாளில் (நம்பர் கூடக்கூடத் தாள் நைசாகும்) கோடு வரைக்கும் கொண்டுவந்து, 120 அல்லது 150இல் முடியுங்கள். அதற்குமேல் நைசான தாளை மெஷினில் போட்டால் மரம் கருகும், மிச்சத்தைக் கையால் தேய்த்துக்கொள்ளலாம். துண்டைத் தண்டு சுழலும் திசைக்கு எதிராக நகர்த்துங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். கையுறை, தொங்கும் துப்பட்டா, தழையக் கட்டிய லுங்கி எதுவும் மெஷின் பக்கத்தில் கூடாது.

பட்ஜெட் இடிக்கிறது என்றால், டிரில் பிரஸ்ஸில் டிரம் மாட்டி உள்வளைவைத் தேய்க்கலாம், எப்போதாவது ஒரு பொம்மைக்கு அது போதும். டிரில் பிரஸ்ஸின் பேரிங் மேலிருந்து கீழே வரும் அழுத்தத்தைத் தாங்கச் செய்தது. பக்கவாட்டில் நாள் முழுக்கத் தள்ளினால் ஆட்டம் கண்டுவிடும். நீங்கள் வாராவாரம் செய்கிறீர்கள் என்பதால் உங்களுக்கு அதைச் சொல்லத் தயங்குகிறேன்.

பழைய மெஷின் கிடைத்தால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்டைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. ஓடவிடும்போது சுழற்சி மட்டும் இருந்து ஏற்ற இறக்கம் நின்று நின்று வந்தால் உள்ளே கியர் தேய்ந்திருக்கிறது, அதற்கு உதிரிபாகம் தேடுவது பெரிய அலைச்சல், அப்படியே விட்டுவிடுங்கள். கூடவே தரும் பழைய பெல்ட்டுகளுக்கும் காசு கொடுக்காதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அவற்றின் ஒட்டு இளகியிருக்கும், ஓடும்போது ஒட்டுவிட்டு அறுந்து சுளீரென்று கையில் அடிக்கும். புதிதாக வாங்குபவற்றை மடிக்காமல் ஒரு குழாயில் தொங்கவிட்டு, மழைக்காலத்தில் மட்டும் மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.